பங்கு போட்ட ஊசி

வட்டவளைக்கு மேலே, ரயிலில் போகிறவர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோரின் தகரக் கூரை மட்டும் தெரிகிற ஒரு தோட்டம். அங்கே பிள்ளை மடுவத்து ஆயாவாக நாகலெட்சுமி சேர்ந்தது நாற்பத்தெட்டாம் வருஷம்; விட்டது அறுபத்துநாலில். பதினாறு வருஷம். நடுவில் ஏழு வாரம் மட்டும் அவள் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. ஏன் மிதிக்கவில்லை என்பதை அந்தத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

மடுவம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கைப்பிள்ளைக்காரிகள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற நீளக் கொட்டகை. மேல்கட்டையில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தவழ்கிறதுகளுக்குச் சாக்கு விரிப்பு. ஒரு மூலையில் அடுப்பும் வெந்நீர்ப் பானையும்.

அதற்கு முன் நாகலெட்சுமியும் கொழுந்துக்காரிதான். ஆடி மழையில் சரிவில் வழுக்கி முழங்கால் பிசகிப்போனது. மலையில் நிற்க உதவாத ஆள் என்று துரை அவளை மடுவத்தில் போட்டார். அது தண்டனை மாதிரிதான் முதலில் தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் அது எப்பேர்ப்பட்ட பதவி என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கூடையோடு வரிசையில் நின்றபோது அவள் நூற்றில் ஒருத்தி. இப்போது தலைக்கங்காணியின் மருமகள்கூட அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவள் ஆயாவை முறைத்துக்கொள்ள முடியுமா? ஒரே மகளைக் கந்தப்பளைப் பக்கம் கட்டிக்கொடுத்து அனுப்பியபின், வீட்டில் அவளும் புருஷன் மாயாண்டியும்தான். அவள் வாழ்ந்ததெல்லாம் மடுவத்தில்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கொம்பு ஊதுவதற்கு முன்பே தாய்மார் வந்து நிற்பார்கள். நாகலெட்சுமி ஒவ்வொரு பிள்ளையாக வாங்குவாள். சிரட்டையில் வைத்திருக்கும் திருநீற்றை இரண்டு விரலால் எடுத்து நெற்றியில் இழுத்து, தொப்புளில் ஒரு பொட்டு வைத்து, முகத்தில் மூன்று தரம் ஊதுவாள். அப்புறம்தான் தொட்டில். ஆயா ஊதவில்லையென்றால் அன்றைக்குக் கொழுந்து கையில் ஓடாது என்று சொல்லுகிற பெண்கள் உண்டு. மழையில் நனைந்துகொண்டே தங்கள் முறைக்குக் காத்து நிற்பார்கள். அப்படி அவர்கள் நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

அவளுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. பொடி போடுகிற அதே இரண்டு விரல்தான் திருநீறும் எடுத்தது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. குறையாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? உடம்பில் ஒரு சொறி சிரங்கு இல்லாத மனுஷி அவள். ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள்.

ஊசி அந்தத் தோட்டத்துக்கு வந்தது ஐம்பத்திரண்டில். கங்காணியின் மருமகள் பால் கட்டி மார்பில் சீழ் வைத்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். தோட்டத்து டிஸ்பென்சர் செல்லசாமி ஐயா, புதிதாக வந்திருந்த பெனிசிலின் குப்பி ஒன்றை உடைத்து மூன்று நாள் விடாமல் குத்தினார். நாலாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து, ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் மருந்துத் தண்ணிக்கு மதிப்புப் போயிற்று.

பக்கத்துக் காம்பராவில் இருந்த சண்முகவடிவு, விரலில் நகச்சுற்று வந்து, ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்க வந்த வரத்தை நாகலெட்சுமியால் சகிக்க முடியவில்லை.

“வலிக்கவே இல்ல நாகு. சுரீர்னு ஒண்ணு, அவ்வளவுதான். எல்லாருக்கும் போடமாட்டாராம். எனக்கு ஒடம்பு வாகு பார்த்துப் போட்டாராம்.”

“ஒனக்கு வாகு பார்க்க அவரு என்னா மாப்பிள்ளையா?” என்றாள் நாகலெட்சுமி.

மறுநாளே இருமலைக் காரணம் காட்டி மருந்துக் காம்பராவில் போய் நின்றாள். ஐயா வழக்கம்போலச் சிவப்புத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“சண்முகவடிவுக்கு ஊசி. எனக்குத் தண்ணியா? நாங்க என்னா கல்லுலயா பொறந்தோம்?”

“அவளுக்கு வெரல்ல சீழு. ஒனக்கு வெறும் தடுமன்.”

“முப்பது புள்ளைகளத் தூக்குற கையி என்னுது. எனக்கு ஒண்ணு வந்தா எல்லாத்துக்கும் வருமில்ல?”

அவள் சொன்னதில் அப்போது அவளுக்கே தெரியாத நியாயம் ஒன்று இருந்தது. ஐயாவும் அதை வெறும் பங்குச் சண்டையாகத்தான் எடுத்துக்கொண்டார். மேல் லயத்தில் ஒருத்திக்குக் குத்தினால் கீழ் லயத்தில் ஐந்து பேர் வந்து நிற்பார்கள். ஒரு மாதத்தில் தோட்டம் முழுக்க இந்தப் பேச்சு: யாருக்கு ஊசி, யாருக்குத் தண்ணி. கங்காணி தன் ஆட்களுக்காக வந்து கண்ணை உருட்டுவார். வருகிற குப்பிகளோ கொஞ்சம். சண்டைக்குப் பயந்து செல்லசாமி ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு ஆளுக்கு மூன்று நாள் போடவேண்டிய குப்பியை ஆறு பேருக்குப் பங்கு போட்டார். ஆளுக்கு ஒரு குத்து. தடுமனுக்கும் ஒன்று, முதுகுவலிக்கும் ஒன்று. எல்லாரும் சமாதானமாகப் போனார்கள். நாகலெட்சுமியும் இடுப்பைத் தடவிக்கொண்டு லயத்துக்கு வந்தாள்.

“நடையே மாறிப்போச்சே,” என்றான் மாயாண்டி.

“சண்முகவடிவு பார்த்தாளா?”

“பார்த்தா, பார்த்தா. அடுப்புல சோறு பொங்கி வழியிறது தெரியாமப் பார்த்துக்கிட்டு நின்னா.”

அன்றைக்கு அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

ஐம்பத்தாறில் பூரணி வந்தாள். நல்லதண்ணிப் பக்கத்துப் பெண், இருபத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளை பெறுகிற வார்டில் இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தவள். பிள்ளைகள் தொகை கூடிவிட்டது என்று துரை அவளை இரண்டாவது ஆயாவாகப் போட்டார். வெள்ளைச் சேலை. கையில் சவர்க்காரக் கட்டி. ஒரு பிள்ளையைத் தொட்டுவிட்டு அடுத்த பிள்ளையைத் தொடுமுன் கழுவுவாள்.

வந்த மூன்றாம் நாள் அவள் மெல்லச் சொன்னாள்: “அக்கா, பொடி போட்டா கையக் கழுவிட்டுப் புள்ளைங்களத் தொடுங்களேன். ஆஸ்பத்திரியில அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“நான் தூக்குன புள்ளைங்க இப்ப பள்ளிக்கூடத்துக்கு ஓடுதுங்க,” என்றாள் நாகலெட்சுமி. “நீ கழுவிக் கழுவி ஒன் கையி கரைஞ்சு போகாமப் பாத்துக்க.”

இரண்டு வாரத்தில் தாய்மார் பூரணியை ‘நர்ஸம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எட்டு வருஷம் பிள்ளை பார்த்தவள் ஆயா. எட்டு நாள் பார்த்தவள் அம்மா. பால்மா அலமாரிச் சாவியை ஐயா பூரணியிடம் கொடுத்தார். அவளுக்கு எழுதத் தெரியும் என்பது காரணம். கொப்புளம் வந்த பிள்ளைக்குப் போட என்று ஒரு பெனிசிலின் களிம்புக் குழாயையும் அவளிடமே கொடுத்தார். நாகலெட்சுமி அன்று முழுக்கத் தொட்டிலை இழுத்த இழுப்பில் கயிறு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வட்டவளைக் கடைத்தெருவுக்குப் போனாள். ஹமீத் நானாவின் கடையில் கருவாட்டிலிருந்து தலைவலித் தைலம் வரை கிடைக்கும்.

“நானா, ஊசி மருந்துல செஞ்ச களிம்பு இருக்காமே. எங்க டிஸ்பென்சர்கிட்ட இருக்கிறதவிடப் பெரிய குழாயா வேணும்.”

“பெரிசு சின்னதெல்லாம் இல்ல புள்ள, எல்லாம் ஒரே சைஸ்தான். யாருக்கு? என்ன வருத்தம்?”

“வருத்தம் ஒண்ணுமில்ல. வராம இருக்கத்தான்.”

ஹமீத் நானா தலையைச் சொறிந்தார். “டாக்டருட்டக் கேட்டுப் போடுறதுதான் நல்லம்,” என்றார். ஆனாலும் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மடுவத்தில் புது முறை வந்தது. பூரணி கொப்புளம் உள்ள பிள்ளைக்கு மட்டும் களிம்பு போட்டாள். நாகலெட்சுமி எல்லாப் பிள்ளைக்கும் போட்டாள். காலையில் திருநீற்றோடு சேர்த்து, கடுகளவு, தொப்புளில் ஒன்று, மூக்கோரத்தில் ஒன்று. எந்தப் பிள்ளையையும் விடவில்லை. “என் கையால குடுத்தா எல்லாத்துக்கும் குடுப்பேன், ஆள் பார்த்துக் குடுக்கமாட்டேன்,” என்று பூரணியின் காதில் விழச் சொன்னாள். தாய்மாருக்கு அது பிடித்திருந்தது. வரிசை மறுபடி அவள் பக்கம் நீண்டது. குழாய் தீர்ந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய் இன்னொன்று வாங்கி வந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி.

ஐம்பத்தெட்டு ஆனியில், விடாத மழையில், அது தொடங்கியது. முதலில் ஒரு பிள்ளைக்குக் கழுத்து மடிப்பில் சீழ்க் கொப்புளம். பிறகு நாலு பிள்ளை. களிம்பு போட்டார்கள்; கொப்புளம் அது பாட்டுக்கு வந்தது. ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேருக்கு. செல்லசாமி ஐயா ஊசி போட்டார். ஒரு குத்து, இரண்டு, பிறகு பயந்துபோய் முழுக் குப்பியாக மூன்று நாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் கங்காணி மருமகளை எழுப்பி உட்கார வைத்த அதே மருந்து, இப்போது பச்சைத் தண்ணீர் மாதிரி உடம்பில் போய்க் கரைந்தது.

கீழ் லயத்து அழகம்மாவுக்கு மூன்று மாதப் பெண் குழந்தை. அதற்கு முதுகிலும் பிட்டத்திலும் கொப்புளங்கள் ஒன்றாகச் சேர்ந்து, காய்ச்சல் வந்து, பால் குடிப்பதை விட்டுவிட்டது. அழகம்மாவுக்கும் இரண்டு மார்பிலும் சீழ். இருவரையும் லாரியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிள்ளை திரும்பாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

நாகலெட்சுமிக்கு அந்த வாரம் தூக்கம் சரியாக இல்லை. ஆனால் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. பீலிக்கரையில் நின்று சொன்னாள்:

“எட்டு வருசமா இந்த மடுவத்துல ஒரு சீக்கு வந்திச்சா? இவ வந்தா, பின்னாடியே வந்திருச்சு. ஆஸ்பத்திரியில சீழும் ரெத்தமும் அள்ளுன கையி. எத்தனை கட்டி சோப்புப் போட்டா போகும்?”

“அதானே,” என்றாள் சண்முகவடிவு. இத்தனை வருஷத்தில் அவள் நாகலெட்சுமியை ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை.

இரண்டு நாளில் தோட்டம் முழுக்கப் பரவியது. தாய்மார் பூரணியைத் தாண்டி வந்து நாகலெட்சுமியின் கையில் பிள்ளையைக் கொடுத்தார்கள். சிலர் பூரணி நிற்கிற பக்கம் திரும்பக்கூட இல்லை. நர்ஸம்மா என்ற பேச்சு நின்றுபோயிற்று. பூரணி அழவில்லை, சண்டை போடவில்லை. அடுப்பில் வெந்நீர்ப் பானையை வைத்துக்கொண்டு துணிகளை அவித்தாள். அவள் சோர்ந்த முகத்தைப் பார்க்கும்போது நாகலெட்சுமிக்கு வயிற்றில் இதமாக ஏதோ இறங்கும். கூடவே அழகம்மாவின் பிள்ளை நினைவுக்கு வந்து அந்த இதம் புளித்துப் போகும்.

இதற்கு நடுவில் துரை சிமெந்துத் தரை போட்ட புது மடுவம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் ஒரு தலைமை ஆயா இருப்பாள், மற்றவள் அவள் சொல்கிறபடி நடக்கவேண்டும் என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பெரட்டில் சொல்லியிருந்தார். நாகலெட்சுமிக்கு அதைவிட வேறு எதுவும் இந்த உலகத்தில் வேண்டியிருக்கவில்லை. அது பூரணிக்குப் போனால், இத்தனை வருஷமும் அவள் ஊதிய ஊதலெல்லாம் வெறும் காற்று.

ஒரு புதன்கிழமை பெரியாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் நோனா வந்தார். ஒல்லியான சிங்களப் பெண்மணி, மூக்குக்கண்ணாடி, முழங்கால் வரை சேறு. மடுவத்தைச் சுற்றிப் பார்த்தார். திருநீற்றுச் சிரட்டையைப் பார்த்தார்.

“எல்லா ஆள் மூக்கும் பாக்க வேணும்,” என்றார், சிங்களம் கலந்த தமிழில். “புள்ள தொடுற எல்லாம். ஆயா, அம்மா, டிஸ்பென்சர் மாத்தியா.”

செல்லசாமி ஐயா குச்சியில் சுற்றிய பஞ்சுகளை எடுத்தார். நாகலெட்சுமி முன்னால் வந்தாள்.

“மொதல்ல பூரணிக்குப் பாருங்கம்மா. நல்லாப் பாருங்க. உள்ள வரைக்கும் விட்டுப் பாருங்க.”

பூரணி தலையை அண்ணாந்து கொடுத்தாள். பிறகு நாகலெட்சுமி தானும் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாக, ஆடாமல் அசையாமல் காட்டினாள். பஞ்சு உள்ளே போனபோது பழக்கத்தில் ஒரு தும்மல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பதினொரு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. செல்லசாமி ஐயா அவளை மருந்துக் காம்பராவுக்குக் கூப்பிட்டு, “உக்காரு நாகலெட்சுமி,” என்றார். அந்தக் காம்பராவில் இதுவரை யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. புது மடுவத்துப் பொறுப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பூரணி கதவோரம் நின்றிருந்தாள்.

“முப்பத்தாறு பேர் மூக்கைப் பார்த்திருக்காங்க,” என்றார் ஐயா. “பூரணிக்கு இல்ல. எனக்கு இல்ல. அழகம்மா புள்ளையோட சீழுல இருந்த அதே கிருமி, பெனிசிலினுக்கு அடங்காத கிருமி, ஒன் மூக்குல இருக்கு.”

“எனக்கு ஒடம்புல ஒரு கொப்புளம் கிடையாதேய்யா.”

“அதான் சங்கதி. ஒன்னைய அது ஒண்ணும் செய்யாது. சும்மா குடியிருக்கும். மூக்கிலேருந்து வெரலுக்கு வரும். வெரல்லேருந்து புள்ளைக்கு. புள்ள வாயிலேருந்து தாய் மார்புக்கு.”

நாகலெட்சுமி தன் இரண்டு விரலையும் பார்த்தாள். நகத்தோரத்தில் பொடியின் பழுப்பு.

“இவ ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாந்து எனக்கு ஒட்டியிருப்பா,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

“இருக்கலாம். ஆஸ்பத்திரியில புள்ள பெத்துட்டு வந்த பொம்பளைங்க யாராச்சும் கொண்டாந்திருக்கலாம். இங்கயே உண்டாகியும் இருக்கலாம். யாரு கொண்டாந்தாங்கன்னு டாக்டர் நோனாவுக்கே தெரியாது. இப்ப எங்க குடியிருக்குன்னுதான் கடுதாசி சொல்லுது.”

அவர் எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தார், எதையும் எடுக்காமல் மூடினார்.

“நீ புல்லு வெட்டுனவதானே. மலையில பாதிப் புல்லை வெட்டி, வேர் ஆழமா இருக்கிறத விட்டுட்டு வந்தா என்னா ஆகும்?”

“அடுத்த மழைக்கு அந்த ஆழ வேருதான் மலை பூராவும் நிக்கும்.”

“அதேதான். மருந்த முழுசாப் போட்டா மொத்தமும் சாகும். கொஞ்சமாப் போட்டா நோஞ்சான் கிருமி சாகும், முரட்டுக் கிருமி மிஞ்சும். எதிர்க்க ஆளில்லாத எடத்துல அது பெருகும். ஒரு குப்பிய ஆறு பேருக்குப் பங்கு போட்டவன் நான். சண்டைக்குப் பயந்து செஞ்சேன். நீ ஒரு குழாய முப்பது புள்ளைக்கு, கடுகு கடுகா, ஒரு வருசத்துக்கு மேல தடவுன. கொப்புளம் இல்லாத புள்ளைக்கும்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நாம ரெண்டு பேருமா நாத்து விட்டு வளர்த்திருக்கோம்.”

மூக்குக்கு வேறு களிம்பு தருவதாகவும், பொடியை விடவேண்டும் என்றும், மறுபடி பஞ்சு வைத்துப் பார்த்து இல்லையென்று வரும்வரை மடுவத்துப் பக்கம் வரக்கூடாது என்றும் சொன்னார். தட்டையான மலையாகப் பார்த்து அவளைக் கொழுந்துக்குப் போடச் சொல்லிக் கண்டாக்கையாவிடம் பேசியிருந்தார். அழகம்மாவுக்கு மார்பைக் கிழித்துச் சீழ் எடுத்து, பிள்ளைக்குக் கொழும்பிலிருந்து வரவழைத்த வேறு மருந்து கொடுத்து, இருவரும் பிழைத்துவிட்டார்கள், இன்று மாலை லயத்துக்கு வருகிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அதைக் கேட்டபோது மட்டும் அவள் முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டாள்.

இறக்கத்தில் பூரணி பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஐயாவும் சொல்லமாட்டாரு, கேட்டுக்கிட்டேன். மலையில ஆள் பத்தலன்னு கொழுந்துக்குப் போட்டுட்டாங்கன்னு சொல்லிடுங்க. என்னையத்தான் எல்லாரும் பேசுறாங்க, இன்னும் கொஞ்ச நாளைக்குப் பேசிட்டுப் போகட்டும். எனக்கு என்னா, தனி ஆளு.”

நாகலெட்சுமி நின்று அவளைப் பார்த்தாள். வெள்ளைச் சேலை, அவித்து அவித்துச் சிவந்த கை. கை சுத்தம். மூக்கும் சுத்தம் என்று கொழும்பிலிருந்து எழுதி வந்துவிட்டது. இப்போது மனசும் சுத்தம். பழியைத் தான் சுமந்துகொண்டு, தன்னை வாழ்நாள் பூராவும் அவளுக்குக் கடமைப்பட்டவளாக ஆக்கிவிட்டு, நல்லவள் என்ற பட்டத்தையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறாள். அதையாவது விட்டு வைக்கக்கூடாதா?

“ஒன் வேலையப் பாரு,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் மாயாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டான்.

“அந்தப் புள்ள மறைக்கிறேன்னு சொல்லுதுல்ல. பேசாம இரேன்.”

“அவ மறைச்சு நான் பொழைக்கணுமா?”

“இவ்வளவு நாளும் அவ மேல பழி போட்டுப் பொழைச்ச.”

“அது வேற,” என்றாள். எப்படி வேறு என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. தாய்மார் மடுவத்து வாசலில் நின்றார்கள். நாகலெட்சுமி உள்ளே போகாமல், மருந்துக் களிம்பு மின்னும் மூக்கோடு, படிக்கு வெளியே நின்றாள். பூரணி உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம். அழகம்மா கம்பளிக்குள் பிள்ளையை அணைத்தபடி வந்தாள். மார்புக் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை, தாய்ப்பால் வற்றிவிட்டது, பால்மாப் போத்தல் இடுப்பில் செருகியிருந்தது. பிள்ளை பாதியாகியிருந்தது, கண் மட்டும் பெரிதாக. அவள் நேராக நாகலெட்சுமியிடம் வந்து பிள்ளையை நீட்டினாள்.

“ஆயா, நீங்க புடிங்க. அவ கையி படவேணாம்.”

நாகலெட்சுமி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என்கிட்ட குடுக்காத. சீக்கு அவகிட்ட இல்ல. என் மூக்குல இருக்கு. கொழும்புல பார்த்து எழுதியிருக்காங்க. பொடி போட்ட வெரலால நான்தான் ஒன் புள்ளைக்கு வச்சு விட்டிருக்கேன். ஒனக்கும் அதுலேருந்துதான்.”

தவழ்கிற பிள்ளை ஒன்று உள்ளே தகரக் குவளையைத் தட்டிக்கொண்டிருந்தது.

மலைக்குப் போகிற வழியில் நின்ற சண்முகவடிவுதான் முதலில் வாயைத் திறந்தாள். “நர்ஸம்மா என்னா சொல்லி மெரட்டி ஒன்னையப் பேச வச்சா?”

“அவ பேச வைக்கல. சொல்லவேணாம்னுதான் சொன்னா. தன் மேலயே இருக்கட்டும்னா.” நாகலெட்சுமி கதவுப் பக்கம் பார்க்காமல் சொன்னாள். “அதனாலதான் சொல்றேன்.”

கூட்டத்தில் ஒருத்தி காறித் துப்பினாள். இன்னொருத்தி, “இத்தன நாளும் அந்தப் பொண்ணப் போட்டு வறுத்தீங்களே ஆயா,” என்றாள். வேறொருத்தி தன் பிள்ளையின் நெற்றியைச் சேலையால் துடைத்தாள், அன்றைக்கு அதில் திருநீறு இல்லாதபோதும். இதையெல்லாம் நாகலெட்சுமி எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். திட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள் அல்ல.

அழகம்மா திட்டவில்லை. பிள்ளையை நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு நின்றாள். மேலே பெரட்டுக் கொம்பு ஊதியது. போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை.

“அப்ப இவளை யாருகிட்ட ஆயா குடுக்கிறது?” என்றாள்.

கோபமில்லை, குத்தலில்லை. நிஜமாகவே கேட்டாள். எல்லாத் தாய்மாரும் நாகலெட்சுமியைப் பார்த்தார்கள். இத்தனை வருஷப் பழக்கம். பிள்ளையை எங்கே வைப்பது என்பதை அவள்தான் சொல்லவேண்டும். கடிதம் வந்த அன்றுகூட அவள் இந்த ஒரு கேள்வியை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

வாசலை மறைக்காமல் ஓரடி விலகி நின்றாள்.

“பூரணிகிட்ட குடு,” என்றாள். பிறகு, இன்னும் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி: “எல்லாரும் அவகிட்டயே குடுங்க. அவ சொல்றபடி கேளுங்க.”

பூரணி வாசலுக்கு வந்து பிள்ளையை வாங்கினாள். அழகம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய், வெறுங்கையோடு வெளியே வந்து, நாகலெட்சுமியை உரசாமல் ஒதுங்கி நடந்தார்கள். சண்முகவடிவு மட்டும் போகிற போக்கில், “வா நாகு, ஒனக்கும் நேரமாச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழகம்மாவின் பிள்ளை பழகாத கை பட்டு வீறிட்டு அழத் தொடங்கியது. நாகலெட்சுமி புறப்பட்டவள் நின்றாள். அது அடங்காத அழுகை, அவளுக்குத் தெரியும். தன்னிடம் வந்த முதல் வாரத்தில் அந்தப் பிள்ளையை அமர்த்த அவளுக்கே அரை நாள் ஆனது. பூரணி ஏதோ முணுமுணுத்தபடி தொட்டில் வரிசையில் நடக்கும் சத்தம் கேட்டது. நாலு முறை போய் வந்திருப்பாள். அழுகை விக்கலாகி, விக்கல் நின்றுபோயிற்று.

இன்னும் கொஞ்ச நேரம் அழுதிருக்கலாம் என்று நாகலெட்சுமிக்குத் தோன்றியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மலைக்கு ஏறினாள்.